இடம் மட்டும் சொல்லாதே

மழை பிடித்துக்கொண்டால் இஸ்திரிக்காரம்மாவின் வீட்டுக்குள் யாரும் நிமிர்ந்து நடக்க முடியாது. வெளியே காயப்போட வழியில்லாமல் ஓட்டல் படுக்கை விரிப்புகள் அத்தனையும் வீட்டுக்குள் கட்டிய கொடிகளுக்கு வந்துவிடும். முன்னறைதான் கடை. நடுவறையில் சமையலும் சாப்பாடும். பின்னறையில் படுக்கை. மூன்றிலும் ஈரத்துணி தொங்கும். ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டுமென்றாலும் முதுகை வளைத்து, விரிப்பை விலக்கி, திருடன் மாதிரி நுழைய வேண்டும். பாதி காய்ந்த துணியை மேசையில் விரித்துப் பெட்டியை வைத்தால் ஆவி குப்பென்று முகத்தில் அடிக்கும். "என்னம்மா, முகமெல்லாம் பளபளன்னு இருக்கு" என்று தெருவில் யாராவது கேட்டால், "தினம் வெந்துக்கிட்டிருக்கேன்ல" என்பாள்.

அவள் வீட்டுக்காரர் தள்ளுவண்டியில் அழுக்கு மூட்டை எடுத்து வந்து, தேய்த்த துணியைக் கொண்டுபோய்க் கொடுப்பவர். வண்டிக்காரர் என்றால்தான் தெருவில் தெரியும். பேச்சுக்கு வரி போட்டிருக்கிறார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லிவைத்த மாதிரி இருப்பார். "சாப்பிடுறீங்களா?" என்றால் தட்டை எடுத்து வைத்துக்கொள்வார். அதுதான் பதில். இரண்டு பேருக்கும் பிள்ளை குட்டி இல்லை. பிள்ளை ஸ்தானத்தில் இருந்தது அவளுடைய தம்பிதான். அம்மா போய்ச் சேர்ந்தபோது அவனுக்குப் பால்பல்கூட விழவில்லை. இடுப்பில் தூக்கிக்கொண்டே திரிந்து, சோறூட்டி, பள்ளிக்கூடம் அனுப்பி, வேன் ஓட்டக் கற்றுக்கொடுக்க ஆள் பிடித்து, கல்யாணமும் செய்து வைத்தவள் அவள். இப்போதும் அவளுக்கு அவன் சின்னவன்தான்.

அப்படி ஒரு மழை நாளில், மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்த நேரத்தில், சின்னவனின் மனைவி ஒரு கையில் குடையும் துணிப்பையும், இன்னொரு கை முந்தானைக்குள்ளுமாக வந்து நின்றாள். குழந்தை அவள் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அவரோட சட்டை அண்ணி. தேய்க்கணும்னார்."

"இந்த மழையில இதுக்கா வந்த? சொல்லி அனுப்பியிருந்தா உங்க அண்ணன் வண்டியோட வந்திருப்பாரே."

"பரவால்ல அண்ணி."

இஸ்திரிக்காரம்மா பையை வாங்கி மேசையில் கவிழ்த்தாள். மேலே சின்னவனின் சட்டைகள். அதற்குக் கீழே குழந்தையின் பள்ளிச் சீருடை, பாவாடைகள், இருமல் மருந்துப் புட்டி. அடியில் காகிதத்தில் சுற்றிப் பல் தேய்க்கும் பிரஷ், பெரிதொன்று சிறிதொன்று. சட்டை தேய்க்க வருகிறவள் பிரஷ் எடுத்து வரமாட்டாள்.

இஸ்திரிக்காரம்மா பிரஷ்களை எடுத்துக்கொண்டு விரிப்புகளுக்கு நடுவே குனிந்து போய், குழாயடியில் தங்கள் பிரஷ் நிற்கும் டம்ளரிலேயே போட்டுவிட்டு வந்தாள். வந்தபின், "முந்தானைய எடு, பார்ப்போம்" என்றாள்.

மணிக்கட்டு முழங்கையின் பருமனுக்கு வீங்கி, தோல் நீலம் பாய்ந்து கிடந்தது.

வண்டிக்காரர் அப்போதுதான் ஈரச் சாக்கை உதறிவிட்டு உள்ளே வந்தார். கையைப் பார்த்தார். திரும்ப அதே சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார். தம்பி மனைவியையும் குழந்தையையும் அதில் ஏற்றிக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்; இஸ்திரிக்காரம்மா பக்கத்தில் நடந்தாள். எலும்பு முறியவில்லை, ஆனால் நரம்பு பிசகியிருக்கிறது என்று கட்டுப்போட்டு, சீட்டும் எழுதிக் கொடுத்தார் டாக்டர்.

சாயங்காலம் குழந்தை தொங்கும் விரிப்புகளுக்குள் ஓடி ஒளிந்து, வண்டிக்காரர் கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருந்தது. கால் வெளியே தெரிந்தாலும் அவர் தேடிக்கொண்டேதான் இருந்தார். பெண்கள் இருவரும் அடுப்படியில் இருந்தார்கள். ஒற்றைக் கையால் வெங்காயம் உரிக்கப் பார்த்தவளிடமிருந்து இஸ்திரிக்காரம்மா கத்தியைப் பிடுங்கினாள்.

"எதுக்குச் சண்டை?"

"பாப்பாவுக்குச் செருப்பு பிஞ்சு போச்சு அண்ணி. உதவித்தொகைக் கார்டைக் கொடுங்க, வாங்கிட்டு வந்திடறேன்னு கேட்டேன். கார்டு கேட்கிற அளவுக்கு வந்துட்டியான்னு கதவு இடுக்குல வெச்சு முறுக்கினார்."

வேன் கம்பெனியை மூடிய பிறகு சின்னவன் குடும்பம் அரசாங்கம் மாதா மாதம் போடும் உதவித்தொகையில்தான் ஓடியது. அது இஸ்திரிக்காரம்மாவுக்குத் தெரியும். கார்டு எப்போதும் அவன் சட்டைப்பையிலேயே இருந்தது தெரியாது.

"வேலை போன விரக்தி" என்றாள், தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி.

"வேலைக்குப் போயிட்டிருந்தப்பவும் இருந்துச்சு அண்ணி. வேலை போனதாலதான்னு நானும் ரொம்ப நாள் நம்பிக்கிட்டிருந்தேன்."

குழம்பு கொதித்தது. இஸ்திரிக்காரம்மா தீயைக் குறைத்தாள்.

"என்கிட்ட ஏன் வாயைத் திறக்கல?"

"உங்க தம்பியாச்சே அண்ணி."

உப்புப் பார்க்கக் குழம்பை உள்ளங்கையில் விட்ட இஸ்திரிக்காரம்மா, அதை நக்காமலே கையைக் கழுவினாள்.

மறுநாள் காலையில் சின்னவன் வந்தான். வருகிற வழியில் மளிகைக் கடைக்காரரிடம் ஏதோ சொல்லி அவர் சிரிக்கிற சத்தம் முதலில் வந்தது. நாலு பேரைச் சிரிக்க வைக்காமல் அவன் எந்தத் தெருவையும் தாண்டியதில்லை. மழையில் நனைந்த தலையைச் சிலுப்பிக்கொண்டு கடைக்குள் நுழைந்து, மூட்டை வைக்கும் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"என்னக்கா, வீட்டை ஓட்டலாக்கிட்ட? ஒரு ரூம் எனக்கும் குடு."

அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அவ உள்ளதான் இருக்கா. பார்க்க வரமாட்டா."

"நீ கூப்பிட்டா வருவா."

"நான் கூப்பிடமாட்டேன்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்துவிட்டு ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். இந்த நேரத்தில் வண்டிக்காரர் வாசலிலிருந்து வண்டியை உருட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே வந்துவிட்டார். மழை நாளில்கூட வண்டி உள்ளே வந்ததில்லை. கொண்டுவந்து நடுவறைக் கதவை அடைத்து நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, அதன்மேல் ஏறி உட்கார்ந்து சாவகாசமாகக் கால் விரல் சேற்றைச் சுரண்ட ஆரம்பித்தார்.

"என்ன மாமா, காவலா?"

வண்டிக்காரர் சேற்றைச் சுரண்டினார்.

"டேய்" என்றாள் இஸ்திரிக்காரம்மா. "அவ கை யானைக்கால் மாதிரி வீங்கிக் கிடக்கு. என்னடா செஞ்ச?"

அவன் அவளை நேராகப் பார்த்தான். சின்ன வயதில் ஜுரம் வந்தால் பார்க்கிற அதே பார்வை.

"உன்கிட்ட என்னக்கா மறைக்கிறது. முறுக்கினேன். அடிக்கிறதும் உண்டு. எனக்கு இருக்கிற கடுப்புக்கு நான் யார்கிட்டப் போய்க் காட்ட? உன்கிட்ட காட்ட முடியுமா?"

"அவகிட்ட காட்டலாமா?"

"அவ வாயி அப்படி." குரலைத் தாழ்த்தினான். கோபமே இல்லை, அக்காவிடம் ஒரு யோசனை சொல்கிற தொனிதான். "இந்தத் தடவை விட்டுட்டேன். அடுத்த தடவை என்னைக் கேட்காம வாசலைத் தாண்டினா, காலை ஒடிச்சு உட்கார வெச்சிருவேன். அப்புறம் எங்க போவா?" சொல்லிவிட்டுச் சிரித்தான்.

மேசையில் விரித்திருந்த மேசைவிரிப்பின் ஓரத்தை அவள் இழுத்து இழுத்து நேராக்கினாள். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

"போடா. அவ இப்ப வரமாட்டா."

"வராம? எத்தனை நாளைக்கு உன் சோத்தைத் தின்னுவா? கார்டு என்கிட்ட இருக்குக்கா. செருப்பு இல்லாம, புத்தகம் இல்லாம புள்ளையை எப்படிப் பள்ளிக்கூடம் அனுப்புவா? நான் தேடி வரவே வேண்டாம். அவளே வருவா." எழுந்து, தேய்த்து வைத்திருந்த சட்டைகளைக் கையில் எடுத்துக்கொண்டு, வண்டிக்காரரின் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

வண்டியை நகர்த்தியதும் உள்ளே பார்த்தார்கள். தம்பி மனைவி முதல் விரிப்புக்குப் பின்னாலேயே நின்றிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருந்தது.

"போயிடலாமா அண்ணி?" என்றாள். "அவர் சொல்றதும் நிஜம்தானே. கார்டு இல்லாம நான் என்ன செய்ய?"

"கார்டு அவன் அப்பன் வீட்டுச் சொத்தா? எனக்கும்தானே அப்பன்" என்றாள் இஸ்திரிக்காரம்மா. "கார்டு குடுக்கிற ஆபீசுக்கே போவோம், கிளம்பு."

உதவித்தொகை அலுவலகத்தில் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். நனைந்த குடைகள் ஒவ்வொருவர் காலடியிலும் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தன. அவர்கள் முறை வந்தபோது உள்ளே இருந்த அதிகாரியம்மாவுக்குச் சளி பிடித்து, குரல் கரகரத்தது. சூடான தண்ணீரை மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. குழந்தை வெளியே வண்டிக்காரரோடு இருந்தது.

"தொகையைப் பத்திக் கவலைப்படாதீங்க" என்றாள் கடைசியில். "குழந்தையோட தனியா இருக்கீங்க, உங்க ரெண்டு பேர் பங்கையும் உங்க பேர்லயே தரலாம். புதுக் கார்டு. அவர் கேட்டாலும் தரமாட்டோம். சிக்கல் வேற இடத்துல இருக்கு."

"எதுலம்மா?" என்றாள் இஸ்திரிக்காரம்மா.

"தனியா தொகை வாங்குற அம்மா, குழந்தையோட அப்பாகிட்ட பராமரிப்புக் கேட்டே ஆகணும். அது விதி. அவருக்கு நோட்டீஸ் போகும், ரெண்டு பேரும் ஒரே ரூம்ல விசாரணைக்கு வரணும். அப்புறம் தினம் வேலைப் பயிற்சிக்குப் போகணும். போகலேன்னா தொகை நின்னுடும்."

"பயிற்சி எங்க?" என்று கேட்டாள் தம்பி மனைவி.

"பஸ் நிலையத்துக்குப் பின்னாடி."

பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேலை போன நாளிலிருந்து சின்னவன் பழைய டிரைவர் கூட்டாளிகளோடு பொழுதெல்லாம் உட்கார்ந்திருப்பது அங்கேதான்.

"புரியுது" என்றாள் அதிகாரியம்மா. "உயிருக்குப் பயம் இருக்குறவங்களுக்கு இது ரெண்டுலேருந்தும் விலக்கு உண்டு. நிறைய பேருக்கு அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது. பயந்துக்கிட்டுத் தொகையே வேண்டாம்னு திரும்பிப் போயிடறாங்க. டாக்டர் சீட்டு இருக்கு, நல்லது. ஆனா கீழ விழுந்தாலும் கை இப்படி வீங்கும்னு மேல ஒருத்தர் கேட்பார். கண்ணால பார்த்தவங்க, காதால கேட்டவங்க யாராவது வந்து சொன்னா கேள்வி இருக்காது. இருக்காங்களா?"

"யாரும் இல்லீங்க" என்றாள் தம்பி மனைவி. கேள்வி முடிவதற்குள் சொல்லிவிட்டாள்.

இஸ்திரிக்காரம்மா அவள் பக்கம் திரும்பினாள். அவள் தலையைக் குனிந்து கட்டுத்துணியின் முனையை உள்ளே செருகிக்கொண்டிருந்தாள். காலையில் விரிப்புக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டவள். யார் காதில் விழுந்தது என்று தெரியாமலா சொல்கிறாள்? நாத்தனாரை இதில் இழுக்கக் கூடாது என்று நினைக்கிறாள். ஒரு வயிற்றில் பிறந்தவர்களுக்கு நடுவே தன்னால் வந்தது என்று இருக்கக் கூடாது என்று.

அறைக்கு வெளியே யாரோ தும்மினார்கள். அதிகாரியம்மா தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள். காலை ஒடிப்பேன் என்று சின்னவன் ஊரில் வேறு எவரிடமும் சொல்லமாட்டான். அக்கா என்பதால் சொன்னான். அக்கா என்றால் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பாள் என்றுதான் சொன்னான். அதை எடுத்து இந்த மேசைமேல் வைத்தால், அதற்கப்புறம் அவன் அவளிடம் எதையுமே சொல்லப்போவதில்லை. வைக்காவிட்டால் இந்தப் பெண் பஸ் நிலையத்துக்குப் பின்னால் தினம் நடக்க வேண்டும், இல்லையென்றால் அவன் வீட்டுக்கே திரும்ப வேண்டும்.

"நான் கேட்டேன்" என்றாள்.

"அண்ணி, வேண்டாம்."

"நீ இரு."

அதிகாரியம்மா பேனாவை எடுத்தாள். "அவர் சொன்ன வார்த்தையே சொல்லுங்கம்மா. உங்க வார்த்தை வேண்டாம்."

"முறுக்கினேன், அடிக்கிறதும் உண்டுன்னான். அடுத்த தடவை என்னைக் கேட்காம வாசலைத் தாண்டினா காலை ஒடிச்சு உட்கார வெச்சிருவேன், அப்புறம் எங்க போவான்னான். சிரிச்சுக்கிட்டே சொன்னான்."

"சிரிச்சுக்கிட்டேன்னு எழுதட்டுமா?"

"எழுதுங்க. அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்துச்சு."

"அவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"தம்பி. நான் தூக்கி வளர்த்தவன்." கொஞ்சம் நிறுத்தி, "வளர்த்தவன்னும் எழுதணுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்மா."

"அப்ப தம்பின்னு மட்டும் போடுங்க."

கையெழுத்துப் போட்டபிறகு அதிகாரியம்மா சொன்னாள்: "உங்க பேரு எங்ககிட்டேருந்து அவருக்குப் போகாது."

"நானே சொல்லிடுவேன். வேற யார் மூலமாவும் அவனுக்குத் தெரியக்கூடாது."

"சொல்லுங்க. இவங்களை வேற இடத்துல வெச்சதுக்கப்புறம் சொல்லுங்க. இவங்க மாதிரி இருக்கிறவங்களுக்கு நாங்களே பார்த்துக் கொடுக்கிற வீடு இருக்கு. குழந்தைக்குப் பள்ளிக்கூடமும் அங்கேயே. காலியானதும் வண்டி அனுப்பறேன். அது வரைக்கும் உங்க வீட்டுல பத்திரமா இருப்பாங்களா?"

"வாசல்ல வண்டி நிக்கும்" என்றாள் இஸ்திரிக்காரம்மா. அதிகாரியம்மாவுக்கு அது புரியவில்லை. தம்பி மனைவிக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கும்போதே சிரிப்பு வந்துவிட்டது.

வெளியே வந்ததும் வண்டிக்காரர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். வண்டியில் கிடந்த சாக்கைத் திருப்பிக் காய்ந்த பக்கத்தை மேலே போட்டு, "ஏறு" என்றார். மூட்டை ஏற்றும் வண்டி, நான் என்ன மூட்டையா என்று எப்போதும் மறுக்கிறவள், அன்றைக்குப் பேசாமல் ஏறிக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டாள். தம்பி மனைவி குடையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள்.

அடுத்து வந்த நாட்களில் சின்னவன் வரவில்லை. அவளே வருவாள் என்று காத்திருந்தான் போலும். மழை விட்டுவிட்டுப் பெய்தது. தம்பி மனைவி ஒற்றைக் கையால் தண்ணீர் தெளித்துக் கொடுக்க, இஸ்திரிக்காரம்மா தேய்த்தாள். சட்டைக்கு முதலில் காலர், பிறகு கைப்பட்டை, பிறகு கை, உடம்பு கடைசி என்று குழந்தைக்குக்கூடப் பாடமாகிவிட்டது. கைக்கட்டு அவிழ்த்த மறுநாள் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, விலக்குக் கிடைத்துவிட்டது, மதியம் வண்டி வரும் என்று சொல்லிப்போனார்.

மூட்டை கட்ட அதிகம் இல்லை. குழந்தையின் சீருடையை இஸ்திரிக்காரம்மா ஒரு தடவை தேய்த்தது போதாதென்று இன்னொரு தடவை தேய்த்தாள். தம்பி மனைவி பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணி, வெளிய யாருக்கும் சொல்லக் கூடாதுன்னாங்க. ஆனா உங்ககிட்டச் சொல்லாம எப்படி? நாங்க போற இடம் எதுன்னா—"

"சொல்லாதே."

"அண்ணி?"

"இடம் மட்டும் சொல்லாதே. மத்ததெல்லாம் சொல்லு." பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அவன் வந்து இங்க உட்காருவான். முதல்ல கத்துவான். கத்தினா எனக்கு ஒண்ணும் ஆகாது. அப்புறம் அழுவான். நான் வளர்த்த பய, அழுதா எனக்குத் தாங்காது. புள்ளையை ஒரு தடவை தூரத்துலேருந்து பார்த்துட்டு வந்திடறேன்க்கான்னு கேட்பான். அப்ப என் வாய் என்ன சொல்லும்னு எனக்கே தெரியாது. தெரிஞ்சாத்தானே சொல்லுவேன். தெரியாமலே இருந்துட்டுப் போறேன்."

தம்பி மனைவி அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். ஆவியிலும் வியர்வையிலும் நனைந்த தோள் அது.

"போம்மா, வண்டி வந்திடும். போற வழியில செருப்பு வாங்கிக்குடு."

வண்டி வந்தபோது இஸ்திரிக்காரம்மா வாசலுக்குப் போகவில்லை. எந்தப் பக்கம் திரும்புகிறது என்றுகூடத் தெரிய வேண்டாம் என்று அடுப்படியில் நின்றுகொண்டாள்.

வெயில் வந்து, விரிப்புகள் எல்லாம் மறுபடி வெளிக்கொடிக்குப் போன பிறகு ஒரு நாள் சின்னவன் வந்தான். வழியில் யாரும் சிரிக்கிற சத்தம் வரவில்லை. ஸ்டூலில் உட்காராமல் நின்றான்.

"கார்டுல பாதிக்குமேல குறைஞ்சிருக்கு."

"அவ பங்கும் புள்ள பங்கும் அவளுக்குப் போகுது."

"யாரோ என் மேல என்னவோ சொல்லியிருக்காங்களாம். ஆபீஸ்ல கேட்டா வாயைத் திறக்கமாட்டேங்கிறாங்க."

"நான்தான் சொன்னேன்" என்றாள். பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். "நீ இதே இடத்துல உட்கார்ந்து சொன்னதை அப்படியே சொன்னேன்."

"அக்கான்னுதானே உன்கிட்ட மனசு விட்டுப் பேசினேன்."

"அக்காங்கிறதாலதான் என் காதுல விழுந்துச்சு. வேற யாருக்கும் தெரியாதேடா. நானும் சொல்லலேன்னா அவளுக்கு யாரு இருக்கா?"

"எனக்கு யாரு இருக்கா?"

"நீ கையை அடக்கிக்கிட்டு வாழக் கத்துக்கோ. அதுக்கு நான் கூட இருப்பேன். அடிக்கிறதுக்குக் கூட இருக்கமாட்டேன்."

"எங்க இருக்காங்க?"

"தெரியாது."

"பொய் சொல்லாதக்கா."

"என் மூஞ்சியப் பாரு."

அவன் பார்த்தான். பானையில் சோறு இல்லாத காலத்தில் "நான் சாப்பிட்டுட்டேன், நீ சாப்பிடு" என்று அவள் சொல்லும்போதெல்லாம், பொய் என்று அவள் முகத்தைப் பார்த்தே அவன் கண்டுபிடித்துவிடுவான். தன் தட்டைப் பாதி நகர்த்துவான். அந்தக் கண்ணால் இப்போதும் பொய்யைத் தேடினான். இல்லை. அவளுக்கு நிஜமாகவே தெரியாது.

"உன்கிட்டகூடச் சொல்லாமலா போனா?"

"சொல்ல வந்தா. நான்தான் வேண்டாம்னேன். நீ வந்து கேட்பேன்னு."

அவன் முகம் கோணியது. அழப்போகிறான் என்று அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவன் அழவில்லை. திரும்பி நடந்தான்.

"சாப்பிட்டுப் போடா" என்றாள். அது அவளையறியாமல் வந்துவிட்டது. அவன் காதில் விழுந்திருக்கும். நிற்கவில்லை. வண்டிக்காரர் வாசலில் வண்டியை ஒதுக்கி அவனுக்கு வழி விட்டார். அன்றைக்கு அவள் மேற்கொண்டு துணி தேய்க்கவில்லை.

பள்ளிக்கூடம் விடுகிற நேரம் ஒன்றில் தொலைபேசி அடித்தது. எண் எதுவும் தெரியவில்லை. எடுத்தால் குழந்தையின் மூச்சு முதலில் கேட்டது.

"அத்தை, நான்தான்."

"கண்ணு."

"அத்தை, இங்க எங்க வீட்டுக்கு எதிர்ல பெரிய—"

"அதெல்லாம் சொல்லாதே தங்கம். அத்தைக்கு அது வேண்டாம். என்ன சாப்பிட்ட, அதைச் சொல்லு."

குழந்தை யோசித்தது. பின்னால் எங்கோ தம்பி மனைவி பாத்திரம் நகர்த்துகிற சத்தமும், அவள் யாருடனோ சாதாரணமாகப் பேசிச் சிரிக்கிற சத்தமும் கேட்டன. அப்படிச் சிரித்து இஸ்திரிக்காரம்மா கேட்டதே இல்லை. குழந்தை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கியது. சோறு, பருப்பு, முட்டை, வாழைப்பழம். முட்டையில் மஞ்சளை முதலில் சாப்பிட்டதை, வெள்ளையை அம்மாவுக்குக் கொடுத்ததை, அம்மா அதில் மிளகுத்தூள் போட்டதை. இஸ்திரிக்காரம்மா சுவரில் சாய்ந்து நின்றபடி ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டினாள்.

அவள் போனை வைத்ததும், வாசலில் மூட்டை அவிழ்த்துக்கொண்டிருந்த வண்டிக்காரர் தலையைத் தூக்கினார்.

"எங்க இருக்காங்களாம்?"

"தெரியாது" என்றாள். "முட்டை சாப்பிட்டாளாம். மஞ்சளை மட்டும்."

வண்டிக்காரர் தலையை ஆட்டிவிட்டு மறுபடி மூட்டையை அவிழ்த்தார். அவள் போய் மேசையில் அடுத்த விரிப்பை விரித்தாள்.